ஒரு பெயரில் பல நோய்கள்

சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் 'பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுதி' என்னும் தரவுத்தளத்தை வெளியிட்டது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசு மாதிரிகளிலிருந்து 960 எக்ஸோம் வரிசைகளைப் படித்து, இந்தியப் பெண்களின் கட்டிகளில் காணப்படும் மரபணு மாற்றங்களை அது தொகுத்திருக்கிறது. கார்க்கினோஸ் நிறுவனம், சென்னை பிரெஸ்ட் கிளினிக், சென்னையைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி மற்றும் நிவாரண அறக்கட்டளை ஆகியவை இப்பணியில் பங்கேற்றன. செய்தி வந்த வேகத்தில் மறைந்துபோனது. அறிவியல் பக்கத்தோடு முடிந்துவிட வேண்டிய செய்தியன்று அது என்பது என் எண்ணம்.

மார்பகப் புற்றுநோய் இன்று இந்தியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்தனர். இந்த எண்களைக் கூறும்போது ஏதோ ஒரு நோயைப் பற்றிப் பேசுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கடந்த 25 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளோ, ஒரே உறுப்பில் தோன்றுவதால் ஒரே பெயரைப் பெற்றுவிட்ட பல நோய்களின் தொகை இது என்று காட்டுகின்றன. எந்த மருந்து யாருக்குப் பயன்படும், யாருக்கு வீண் துன்பம் மட்டுமே தரும் என்பதை இந்தப் பிரிவினையே முடிவு செய்கிறது.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்று, பெருமாள்மலையில் குடியிருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால், இந்த நோய்களைப் பிரித்தறியக் கையாளப்பட்ட முறை, நாங்கள் குடும்பங்களின் நுகர்வுச் செலவை ஆராயக் கையாளும் முறையின் நெருங்கிய உறவு. அதன் வலிமை எங்கிருக்கிறது, அது எங்கே இடறும் என்பது புள்ளியியலோடு பழகியவர்களுக்கு ஓரளவு தெரியும்.

முதலில், மரபணுச் செயல்பாடு என்றால் என்ன? நம் உடலின் உயிரணுக்களில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. கண்ணில் உள்ள உயிரணுவிலும் கல்லீரலில் உள்ள உயிரணுவிலும் இருப்பது ஒரே மரபணு ஏடுதான். கல்லீரல் கல்லீரலாக இருப்பதற்குக் காரணம், அந்த ஏட்டின் சில பக்கங்கள் மட்டும் அங்கே திறந்து படிக்கப்படுவதுதான். ஒரு மரபணு படிக்கப்படும்போது அதன் நகல் ஒன்று ஆர்.என்.ஏ. வடிவில் உருவாகிறது. மும்முரமாக வேலை செய்யும் மரபணுவுக்கு நகல்கள் மிகுதி. உறங்கும் மரபணுவுக்கு நகலே இல்லை. இந்த நகல்களை எண்ணுவதே மரபணுச் செயல்பாட்டை அளப்பதாகும்.

குடும்ப அட்டையையும் மளிகைச் சிட்டையையும் எண்ணிப் பாருங்கள். அட்டை ஒரு குடும்பத்தை ஏதோ ஒரு வகையில் சேர்த்துவிடுகிறது. அந்த வீட்டில் உண்மையில் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறிய, மாதந்தோறும் அவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். தேசிய மாதிரி ஆய்வு அதைத்தான் செய்கிறது. நுண்ணோக்கியில் கட்டியின் வடிவத்தைப் பார்த்து இடும் பெயர் குடும்ப அட்டையைப் போன்றது; ஆர்.என்.ஏ. நகல்களின் கணக்கு மளிகைச் சிட்டை.

இந்தச் சிட்டைகளைப் பெரிய அளவில் ஒப்பிட்ட முதன்மையான ஆய்வு 2000-ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பெரோ, டேவிட் பாட்ஸ்டைன், பேட்ரிக் பிரவுன் ஆகியோரும், நார்வே நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது அது. 42 பேரிடமிருந்து பெற்ற 65 திசு மாதிரிகளில் 8,102 மரபணுக்களின் செயல்பாட்டை அவர்கள் அளந்தனர். கண்ணாடித் தகடொன்றில் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு புள்ளி. கட்டியிலிருந்து எடுத்த நகல்களுக்குச் சிவப்புச் சாயம். ஒப்பீட்டுக்காக, ஆய்வகத்தில் வளர்த்த 11 வகை உயிரணுக்களின் கலவையிலிருந்து எடுத்த நகல்களுக்குப் பச்சைச் சாயம். ஒரு புள்ளி சிவப்பாகத் தெரிந்தால், அந்த மரபணு கட்டியில் கூடுதலாக வேலை செய்கிறது என்று பொருள். விலைவாசிக் குறியீட்டெண்ணில் நாங்கள் அடிப்படை ஆண்டு என்று ஒன்றை வைத்துக்கொள்வதில்லையா, அந்தப் பச்சைக் கலவைக்கும் அதே வேலைதான்.

அவர்களுடைய கூர்மை அடுத்த படியில்தான் இருந்தது. அந்த நோயாளிகளுள் 20 பேரின் கட்டிகளிலிருந்து, வேதி சிகிச்சைக்கு முன்னும் பின்னுமாக இருமுறை மாதிரி எடுக்கப்பட்டிருந்தது. ஒரே கட்டியின் இரு மாதிரிகளுக்கிடையே அதிகம் மாறாமலும், ஒரு பெண்ணின் கட்டிக்கும் மற்றொரு பெண்ணின் கட்டிக்கும் இடையே பெரிதும் மாறுபட்டும் இருந்த மரபணுக்களை மட்டும் அவர்கள் தேர்ந்தெடுத்தனர். அத்தகையவை 496. உப்பு எல்லா வீட்டிலும் வாங்குகிறார்கள். அதை வைத்துக் குடும்பங்களைப் பிரிக்க முடியாது. பட்டாசு ஒரே வீட்டில் ஒரு மாதம் வாங்குவார்கள், மறு மாதம் வாங்கமாட்டார்கள், அதுவும் பயன்படாது. வீட்டுக்கு வீடு வேறுபட்டு, ஒரே வீட்டில் மாதந்தோறும் நிலையாக இருக்கும் பொருள் எதுவோ அதுவே குடும்பத்தின் இயல்பைச் சொல்லும். இப்படித் தேர்ந்த மரபணுக்களைக் கொண்டு வகைப்படுத்தியபோது, பெரும்பாலும் ஒரே பெண்ணின் இரு மாதிரிகள் அருகருகே வந்து நின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் கடுமையான மருந்து கொடுத்த பின்னும் கட்டி தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டு தெரேசா சோர்லியும் சக ஆய்வாளர்களும் மேலும் பல கட்டிகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, இன்று மருத்துவர்கள் வழங்கும் பெயர்கள் உருப்பெற்றன. பாலை எடுத்துச்செல்லும் நாளங்களின் உள்வரிசை உயிரணுக்களைப் போல நடந்துகொள்ளும் கட்டிகள் லுமினல் எனப்பட்டன. அவற்றுள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சார்ந்து மெல்ல வளர்பவை லுமினல் ஏ. விரைந்து பெருகுபவை லுமினல் பி. ஹெர்-2 என்னும் மரபணு இரண்டு பிரதிகளுக்குப் பதிலாகப் பல பிரதிகளாகப் பெருகி ஓய்வின்றி இயங்கும் கட்டிகள் தனி வகை. நாளத்தின் அடிவரிசை உயிரணுக்களின் சாயல் கொண்டவை பேசல் வகை. இவ்வகைப் பெண்கள் நோய் திரும்பாமல் வாழ்ந்த காலமும் வகைக்கு வகை வேறுபட்டது. லுமினல் ஏ நீண்டகாலம் விட்டுவைத்தது. பேசலும் ஹெர்-2 வகையும் விரைவில் திரும்பின. பெயர்களுக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

ஹெர்-2 வகையின் கதை மகிழ்ச்சியான பகுதி. இந்த மரபணு பெருகிய கட்டிகள் கொடியவை என்று டென்னிஸ் ஸ்லாமன் 1987-இல் காட்டினார். அதைக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் மருந்துக்கு 1998-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மிகக் கெட்டதாகக் கருதப்பட்ட ஒரு வகை, சிகிச்சைக்கு நன்கு இணங்கும் வகையாக மாறியது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014-இல் அதன் உயிரி ஒப்புமை மருந்தை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, 440 மில்லிகிராம் குப்பியின் விலை 57,500 ரூபாய். அசல் மருந்தைவிடக் குறைவு என்று அதையும் வரவேற்க வேண்டியிருந்தது என்பதே நம் நிலைமை.

இனி இந்த முறை இடறும் இடங்களுக்கு வருகிறேன். முதல் இடறல், சிட்டையில் அயல்வீட்டுக் கணக்கும் கலந்துவிடுவது. அறுத்தெடுத்த கட்டித் துண்டில் புற்றணுக்கள் மட்டும் இருப்பதில்லை. கொழுப்பு, இரத்தக் குழாய், நோயெதிர்ப்பு அணுக்கள், நல்ல திசு எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. தொடக்க ஆய்வுகளில் 'இயல்புத் திசு போன்றது' என்றொரு வகை சொல்லப்பட்டது. துண்டில் நல்ல திசு அதிகமாகக் கலந்ததால் எழுந்த தோற்றமாக அது இருக்கலாம் என்ற ஐயம் பின்னர் வலுத்தது. 2011-இல் பிரையன் லேமன் என்னும் அமெரிக்க ஆய்வாளரின் குழு, மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டிகளை ஆறு உட்பிரிவுகளாகப் பிரித்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே குழு, ஆறில் இரண்டு அந்தக் கட்டிகளுக்குள் புகுந்திருந்த நோயெதிர்ப்பு அணுக்களாலும் சூழ்திசுவாலும் வந்தவை என்று கூறி நான்காகக் குறைத்துக்கொண்டது. அறிவியல் இப்படித் தன்னைத் திருத்திக்கொள்வதை நான் பாராட்டுகிறேன். பொருளாதாரத்தில் நாங்கள் இவ்வளவு விரைவாகச் செய்வதில்லை.

இரண்டாவது இடறல் இன்னும் ஆழமானது. கேள்வி கேட்கப்பட்டவர்கள் சில பத்துப் பேர். கேட்கப்பட்ட கேள்விகளோ எட்டாயிரம். எட்டாயிரம் எண்களுக்குள் தேடினால், நோய் திரும்பியவர்களையும் திரும்பாதவர்களையும் பிரித்துக்காட்டும் சில எண்கள் தற்செயலாகவே கிடைத்துவிடும். அடுத்தடுத்த ஆண்டுகளில், எதிர்காலத்தை முன்னுரைக்கும் மரபணுப் பட்டியல்கள் பல வெளியாயின. 2011-இல் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சேர்ந்த டேவிட் வெனேவும் இருவரும் அத்தகைய 47 பட்டியல்களை எடுத்து, குலுக்கல் முறையில் பொறுக்கிய, அதே எண்ணிக்கை மரபணுக்களோடு ஒப்பிட்டனர். 47-இல் 28 பட்டியல்கள், குருட்டாம்போக்கில் பொறுக்கியவற்றைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலானவை அல்ல. வேடிக்கை ஒன்றும் செய்தார்கள். சாப்பிட்ட பின் சிரிப்பதால் உடலில் செயல்பாடு மாறும் மரபணுக்களின் பட்டியல் வேறொரு ஆய்வில் இருந்தது. அதைக்கொண்டு பார்த்தாலும் மார்பகப் புற்றுநோயின் போக்கை முன்னுரைக்க முடிந்தது!

இதன் காரணத்தையும் அவர்கள் விளக்கினார்கள். விரைவாகப் பிளந்து பெருகும் உயிரணுவில், அந்தப் பெருக்கத்தோடு சேர்ந்து மற்ற மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஏறி இறங்குகின்றன. எதைத் தொட்டாலும் பெருக்க வேகத்தையே தொடுகிறோம். நாட்டு வருமானம் வளரும் காலத்தில் எந்த இரண்டு வரிசைகளை ஒப்பிட்டாலும் தொடர்பு இருப்பதாகத் தோன்றும் என்று பொருளியல் மாணவர்களை எச்சரிப்போம். அதே பொறி இது. முன்னுரைப்பது வேறு, காரணத்தை அறிவது வேறு.

ஆயினும் முன்னுரைப்பதே ஒரு நோயாளிக்குப் பெரிய உதவியாக அமையலாம், அது முறையாகச் சோதிக்கப்பட்டால். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத, தொடக்கநிலைக் கட்டிகளுக்காக உருவான ஆன்கோடைப் என்னும் சோதனை 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கிறது. அவற்றுள் 16 நோயோடு தொடர்புடையவை. எஞ்சிய 5, எல்லா உயிரணுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இயங்குபவை. அளவைச் சீர்செய்ய உதவும் நம் உப்பு அவைதாம். விடை 0 முதல் 100 வரையிலான ஒரு மதிப்பெண். மதிப்பெண் குறைவானவர்களுக்கு ஹார்மோன் மாத்திரையே போதும். கூடியவர்களுக்கு வேதி சிகிச்சையும் தேவை. நடுவில் இருப்பவர்களை என்ன செய்வது? இதற்கு விடைகாண டெய்லர்-எக்ஸ் என்ற ஆய்வில் 10,273 பெண்கள் சேர்க்கப்பட்டனர். நடு மதிப்பெண் பெற்ற 6,711 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மாத்திரை மட்டும், மற்றவர்களுக்கு வேதி சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தனர். 2018-இல் முடிவு வெளிவந்தது. ஒன்பது ஆண்டுகளில் நோய் உடலின் வேறிடங்களுக்குப் பரவாமல் இருந்தவர்கள் ஒரு பிரிவில் 94.5 விழுக்காடு, மறு பிரிவில் 95. முடி உதிர்தல், வாந்தி, தொற்று, வேலை இழப்பு ஆகிய அனைத்தையும் தாங்கிப் பெற்ற கூடுதல் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இதில் 'நடு மதிப்பெண்' என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் மனிதர் முடிவே. தொடக்கத்தில் 18 முதல் 30 வரை என்று வைத்திருந்ததை, பாதுகாப்புக் கருதி இந்த ஆய்வுக்கு 11 முதல் 25 வரை என்று மாற்றினார்கள். டெண்டுல்கர் குழு 2009-இல் ஒரு வறுமைக்கோடு வரைந்தது. ரங்கராஜன் குழு 2014-இல் வேறொன்று வரைந்தது. கோட்டை நகர்த்தினால் ஏழைகளின் தொகை மாறும். எந்த ஏழையின் வயிறும் அதனால் நிறையாது. மதிப்பெண் 25-க்கும் 26-க்கும் இடையில் இயற்கை எந்தக் கோட்டையும் போட்டுவைக்கவில்லை.

இந்தச் சோதனையை எல்லா இந்தியப் பெண்களுக்கும் அரசு காப்பீட்டில் வழங்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. நான் தயங்குகிறேன். அமெரிக்காவில் அதன் விலை 4,000 டாலருக்கும் மேல். விலை மட்டும் காரணமன்று. அதே டெய்லர்-எக்ஸ் ஆய்வில், 50 வயதுக்குட்பட்டு 16 முதல் 25 வரை மதிப்பெண் பெற்ற பெண்களுக்கு வேதி சிகிச்சையால் ஓரளவு பயன் தெரிந்தது. நெறிக்கணுக்களுக்குப் பரவியவர்களிடம் நடந்து 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும், மாதவிடாய் நின்றவர்களுக்கு வேதி சிகிச்சையைத் தவிர்க்கலாம், நிற்காதவர்களுக்குத் தவிர்ப்பது நல்லதன்று என்றே கூறியது. நம் நாட்டு நோயாளிகள் சராசரியாக மேலை நாட்டினரைவிட ஏறத்தாழ பத்தாண்டுகள் இளையவர்கள்; கட்டி பெரிதான பின்னர் வருபவர்களும் இங்கே அதிகம். ஆகவே 'வேதி சிகிச்சை வேண்டாம்' என்று அந்தச் சோதனை துணிந்து சொல்லக்கூடியவர்களின் பங்கு இங்கே சிறியது. பெங்களூரில் ஆன்கோஸ்டெம் நிறுவனம் உருவாக்கிய கேன்அசிஸ்ட் சோதனை, ஐந்து புரதங்களை அளந்து, கட்டியின் அளவு முதலான மூன்று விவரங்களையும் சேர்த்து மதிப்பிடுகிறது. அது அளப்பது மரபணுவின் நகலை அன்று, அதிலிருந்து உருவான புரதத்தை. உள்நாட்டில் இத்தகைய முயற்சிகள் பெருகட்டும். ஆனால், நம் பணத்தையும் கவனத்தையும் முதலில் கோருவது வேறொன்று.

2000-ஆம் ஆண்டின் அந்த வகைகளை, மாவட்ட அளவிலேயே செய்யக்கூடிய மூன்று சாயப் பரிசோதனைகள் பெருமளவுக்குக் காட்டிவிடுகின்றன: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரான் ஏற்பி, ஹெர்-2. மெழுகில் பதித்த திசுவை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நோயியல் மருத்துவர் பார்க்கிறார். ஏற்பிகள் இருந்தால் அந்தக் கட்டி பெரும்பாலும் லுமினல் குடும்பம். மூன்றும் இல்லையென்றால் அது பெரும்பாலும் பேசல். மருத்துவர்கள் டிரிபிள் நெகட்டிவ் என்பது இதைத்தான். இது முழுமையான மாற்று அன்று. ஆனால், சிகிச்சையின் முதல் முடிவு முழுவதும் இதைப் பொறுத்தே அமைகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்கள் ஐந்து ஆண்டுகள் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டால், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல்லாயிரம் பெண்களின் தரவைத் தொகுத்து 2011-இல் உறுதிசெய்யப்பட்ட முடிவு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, மிகவும் மலிவான மாத்திரை அது. ஏற்பி இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. ஆகவே, இருந்தும் இல்லையென்று எழுதப்பட்ட ஒரு பெண், அந்த மலிவான மாத்திரையை இழக்கிறார்.

இது ஏட்டுச் சிக்கலன்று. எங்கள் ஊரில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் 58 வயதுப் பெண்மணி ஒருவர், தம் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் என்ற அளவில்தான் நான் அவருக்கு வேண்டியிருந்தேன். "மூணும் இல்லைன்னுதானே எழுதியிருக்காங்க. இல்லைன்னா நல்லதுதானே ஐயா?" என்று கேட்டார். சர்க்கரை இல்லை, காசநோய் இல்லை என்று வந்தால் மகிழ்வதற்கே பழகியவர்கள் நாம். இங்கே 'இல்லை' என்பது கெட்ட செய்தி என்பதை எப்படிச் சொல்வது என்று நான் திகைத்துக்கொண்டிருந்தபோதே, அவர் மகன் நடந்ததைச் சொன்னார். ஒரு சனிக்கிழமை மாலை கட்டியை அறுத்தெடுத்து, ஏதோ நீரில் இட்டு, டப்பாவை இவர்கள் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். மலையிறங்கி, திங்கட்கிழமை காலையில்தான் அது ஆய்வகத்தை அடைந்திருக்கிறது.

திசு உடலிலிருந்து பிரிந்த கணம் முதல் சிதையத் தொடங்குகிறது. ஆர்.என்.ஏ. நகல்கள் விரைவாகவும், ஏற்பிப் புரதங்கள் சற்று மெதுவாகவும் அழிகின்றன. அதைத் தடுப்பதற்கே ஃபார்மலின். உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க வழிகாட்டுதல்படி, அறுத்தெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசுவைச் சீவி, கார அமிலச் சமன் செய்த 10 விழுக்காடு ஃபார்மலினில் இட வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் வைத்திருக்க வேண்டும். சீவாமல் முழுக் கட்டியைப் போட்டால் மருந்து உள்ளே இறங்காது. இவற்றில் ஒன்று தவறினாலும், உள்ள ஏற்பி இல்லாததாகத் தோன்றும். அதிலிருந்து எந்த விலையுயர்ந்த மரபணுச் சோதனையும் உண்மையை மீட்டுத் தராது.

சமவெளியில் அவரைப் பார்த்த புற்றுநோய் மருத்துவருக்கு ஐயம் எழுந்தது. நுண்ணோக்கியில் கட்டி சாதுவான முதல் தரம்; அத்தகைய கட்டியில் மூன்றும் இல்லாமல் இருப்பது அரிது. அறுவைக்கு முன் ஊசியால் எடுத்த சிறு துண்டு, முறையாகப் பதப்படுத்தப்பட்டு மெழுகுக்கட்டியில் இருந்தது. அதற்குச் சாயமேற்றச் சொன்னார். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி நிறையவே இருந்தது. அவர் இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். ஐயப்படாத மருத்துவரிடம் அவர் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது பற்றி அந்த வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இந்தியக் கட்டிகளில் டிரிபிள் நெகட்டிவ் வகை நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கூறுகிறார்கள். மேலை நாடுகளில் 10 முதல் 15 விழுக்காடு. இந்த வேறுபாட்டை உடனே நம் மரபணுவின் மேல் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. விகிதம் என்பது இரண்டு எண்களின் உறவு. மேல் எண் கூடினாலும் விகிதம் உயரும், கீழ் எண் குறைந்தாலும் உயரும். ஹார்மோன் சார்ந்த வகை வயதோடும், குறைந்த பிள்ளைப்பேறு, தாமதமான முதல் பேறு, மாதவிடாய் நின்ற பின் உடல் பருமன் ஆகியவற்றோடும் பெருகுவது. இளம் மக்கள்தொகையும் மிகுந்த பிள்ளைப்பேறும் கொண்டிருந்த ஒரு நாட்டில் அந்த வகை குறைவாக இருந்தால், மற்ற வகை ஒரு பெண்கூடக் கூடாமலேயே விகிதத்தில் பெரிதாகத் தெரியும். நோயாளிகளின் சராசரி வயது இங்கே குறைவாக இருப்பதிலும் மக்கள்தொகையின் வயது அமைப்புக்குப் பங்குண்டு. டப்பாவில் சிதைந்த ஏற்பிகளின் பங்கு எவ்வளவோ அதையும் இதோடு சேர்க்க வேண்டும்.

மரபுக்கு இதில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 496 பெண்களின் கட்டிகளை வகைப்படுத்தி 2006-இல் வெளியான ஆய்வில், மாதவிடாய் நிற்காத ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களிடம் பேசல் வகை 39 விழுக்காடு, மாதவிடாய் நின்ற அதே இனத்தவரிடம் 14, பிறரிடம் 16. ஒரே இனத்துக்குள்ளேயே வயது இத்தனை வேறுபாட்டைக் கொண்டுவருகிறது. பேறுகாலம், பாலூட்டல், வறுமை, மரபு ஆகிய யாவும் இதில் பின்னிக் கிடக்கின்றன. அங்கேயும் வகைப்படுத்தியது சாயப் பரிசோதனைகளைக் கொண்டுதான், மரபணுத் தகட்டைக் கொண்டன்று என்பதைக் கவனிக்க வேண்டும். முறையாகச் செய்த எளிய சோதனைக்கு அவ்வளவு வலிமை உண்டு.

சென்னையின் தொகுதிக்கு மீண்டும் வருவோம். எக்ஸோம் வரிசை என்பது ஏட்டில் எந்த எழுத்து பிழைபட்டிருக்கிறது என்பதைக் கூறும். எந்தப் பக்கம் எத்தனை முறை படிக்கப்படுகிறது என்பதைக் கூறாது. இந்தியப் பெண்களின் கட்டிகளில் மரபணுச் செயல்பாட்டையும் அதே அளவில் அளந்து அதனோடு பொருத்துவது அடுத்த வேலை. நாம் இன்று கையாளும் வகைகளும் வெட்டுப்புள்ளிகளும் பெரும்பாலும் நார்வே, நெதர்லாந்து, அமெரிக்கப் பெண்களின் கட்டிகளிலிருந்து பிறந்தவை. 480 என்பது நல்ல தொடக்கம். நம் நாட்டின் அளவுக்கு அது சிறியது. அந்த 480-இல் மலையூர்களின், சிற்றூர்களின் பங்கு பெருக வேண்டுமானால், அங்கே அறுத்தெடுக்கும் திசு ஆய்வுக்குத் தகுதியான நிலையில் வந்துசேர வேண்டும். அடையாற்றிலும் மும்பையிலும் உள்ள பெரிய மருத்துவமனைகளை மட்டும் நம்பி எடுக்கும் மாதிரி, அங்கே போய்ச் சேர வசதி படைத்தவர்களின் மாதிரியாகவே இருக்கும்.

முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் மார்பக அறுவை சிகிச்சைக்குப் பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தைப் பெற மருத்துவமனை அனுப்பும் படிவத்தோடு இரண்டு நேரங்களையும் கேட்கலாம்: திசு உடலிலிருந்து பிரிந்த நேரம், ஃபார்மலினில் இடப்பட்ட நேரம். மூன்று சாயப் பரிசோதனைகளின் முடிவும் இணைக்கப்படாமல் தொகை விடுவிக்கப்படாது என்று விதிக்கலாம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை என்று வரும் முதல் தரக் கட்டிகளை வேறோர் ஆய்வகம் மீண்டும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அவை எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும் என்பதால் செலவும் குறைவு. கொடைக்கானல் சாலையும் பழனிச் சாலையும் எங்கள் ஊரில்தான் பிரிகின்றன. எந்தச் சாலையில் இறங்கினாலும் ஆய்வகம் உள்ள நகரைச் சேரச் சில மணி நேரம் ஆகும். சரியான அளவு ஃபார்மலின் நிரப்பிய, மூடி இறுகிய, நேரம் எழுதிய வாளி ஒன்று அந்தப் பேருந்தில் இருந்தால், அந்தச் சில மணி நேரத்தால் கெடுதி எதுவும் இல்லை.